டிவி தெளிவு, குரல் மட்டும் போகவில்லை: ஒரு வீட்டுக் கேபிள் இணைய இணைப்பின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னை திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் உள்ள பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு அது. இரண்டாம் மாடி வீட்டில் ஓய்வுபெற்ற தம்பதி, மகன், மருமகள், பள்ளியில் படிக்கும் பேத்தி. 2020 ஊரடங்கு தொடங்கியதிலிருந்து மகனுக்கு வீட்டிலிருந்தே வேலை. மருமகள் ஆசிரியை, காலை எட்டு மணிக்கெல்லாம் ஆன்லைன் வகுப்பை ஆரம்பித்துவிட வேண்டும். பேத்திக்கும் கிட்டத்தட்ட அதே நேரம்தான் வகுப்பு.

வீட்டுக்கு வரும் கேபிள், டிவிக்காகப் பல வருடங்களுக்கு முன்பு இழுத்தது. தெருக் கம்பத்திலிருந்து மொட்டைமாடிக்கு வந்து, கைப்பிடிச் சுவரோரமாக ஓடி, பின்சுவர் வழியாகக் கீழே இறங்கி ஹாலுக்குள் நுழைகிறது. அதே கேபிளில்தான் பிறகு இணையமும் கொடுத்தார்கள். ஹாலில் டிவிக்குப் பின்னால் மூன்று வழி ஸ்பிளிட்டர் ஒன்று. அதிலிருந்து ஒரு வயர் ஹால் செட்டாப் பாக்ஸுக்கு, ஒன்று படுக்கையறை டிவிக்கு, ஒன்று மோடத்துக்கு. மோடம் டாக்சிஸ் 3.0 (கேபிள் வழி இணையத்துக்கான தரநிலை) வகை, திட்டம் 50 எம்பிபிஎஸ். மோடமும் ரௌட்டரும் இன்வெர்ட்டர் லைனில் இருந்தன.

கோடை முழுவதும் யாருக்கும் புகார் இல்லை. அக்டோபர் கடைசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பிறகுதான் ஆரம்பித்தது.

புகாரும், அதற்கு முதலில் நடந்ததும்

‘நெட் போய் போய் வருது’ என்பதுதான் அவர்கள் சொன்ன புகார். இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஆபரேட்டரின் கால் சென்டர் மோடத்தை அணைத்துப் போடச் சொன்னது. போட்டால் சரியாகிவிடும், அப்புறம் மறுபடி போகும். ஒரு லைன்மேன் மதியம் வந்து பார்த்தார். டிவியைப் போட்டுக் காட்டி, “சார், படம் பளிச்சுனு வருது, லைன்ல ஒண்ணும் இல்லை, உங்க வைஃபைதான்” என்றார். ஸ்பீட் டெஸ்ட்டில் டவுன்லோட் 48 காட்டியது. புகார் தீர்க்கப்பட்டது என்று மாலையில் எஸ்எம்எஸ் வந்தது.

வைஃபை என்று சொல்லிவிட்டதால் மகன் புது ரௌட்டர் வாங்கினார். படுக்கையறையில் சிக்னல் நன்றாகக் கிடைத்தது. காலை வகுப்பு மட்டும் முன்புபோலவே நின்றது. அடுத்து, 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் நெட்வொர்க் வேலையில் இருப்பவன், அதே தெருக்காரன்.

கேட்டதும் கவனித்ததும்

முதலில் மருமகளிடம் ஒன்றைக் கேட்டேன்: வகுப்பு நிற்கும்போது பிள்ளைகள் பேசுவது உங்களுக்குக் கேட்கிறதா? கேட்கிறது என்றார். “அவங்க பேசுறது நல்லாவே கேக்குது. நான் பேசுறதுதான் அவங்களுக்குப் போகலையாம். ‘மிஸ், உங்க வாய்ஸ் பிரேக் ஆகுது’ன்னு சாட்ல போடுவாங்க. கொஞ்ச நேரத்துல எல்லாமே போயிடும்.”

இந்த நிகழ்வில் மிக உபயோகமான தகவல் இதுதான். வருவது வருகிறது, போவது போகவில்லை. இதைக் கேட்டதும் டவுன்லோட் வேகத்தை விட்டுவிட்டு அப்ஸ்ட்ரீம், அதாவது வீட்டிலிருந்து வெளியே போகும் பக்கம் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

பெரியவர் இன்னொரு வேலையும் செய்திருந்தார். நெட் போன நேரத்தையெல்லாம் தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். பெரும்பாலும் மழை பெய்த இரவுக்கு மறுநாள் காலை. வெயில் ஏறினால் சரியாகிவிடுகிறது. லைன்மேன் வருவதோ எப்போதும் மதியத்துக்கு மேல். மழையே இல்லாத சில நாட்களிலும் காலை ஏழரை, எட்டு வாக்கில் போயிருந்தது. அது மட்டும் பிடிபடவில்லை. ஓரமாகக் குறித்து வைத்துக்கொண்டேன்.

வைஃபையா, லைனா

இதை அதிக நேரம் இழுக்கத் தேவையில்லை. லேப்டாப்பை லேன் கேபிளில் ரௌட்டரோடு இணைத்து, மூன்று ஜன்னல்களில் தொடர்ச்சியாகப் பிங் (ஒரு முகவரிக்குச் சிறு செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) ஓடவிட்டோம்: ஒன்று ரௌட்டருக்கு, ஒன்று ஆபரேட்டர் பக்கத்து முதல் முகவரிக்கு, ஒன்று வெளி இணையத்தில் இருக்கும் கூகுளின் 8.8.8.8 முகவரிக்கு. மறுநாள் காலை பிரச்சினை வந்தபோது ரௌட்டரிலிருந்து பதில் ஒரு மில்லிசெகண்டுக்குள் வந்துகொண்டே இருந்தது. மற்ற இரண்டும் ஒரே நேரத்தில் விட்டுவிட்டு வந்து, பிறகு நின்றன. ஆக, ரௌட்டர் வரை கோளாறு இல்லை. புது ரௌட்டர் வாங்குவதற்கு முன்பே இதைச் செய்திருக்கலாம்; வேண்டியது ஒரு லேன் கேபிளும் பத்து நிமிடமும்தான்.

மோடம் சொன்னது

பெரும்பாலான கேபிள் மோடங்களில் 192.168.100.1 என்ற முகவரியில் ஒரு பக்கம் இருக்கும். அதில் சிக்னல் அளவுகளும் நிகழ்வுப் பதிவும் கிடைக்கும். லைன்மேன் பார்க்காதது இதைத்தான். மதியம் ஒரு தடவை, காலையில் பிரச்சினை வந்தபோது ஒரு தடவை போட்டோ எடுத்தோம்.

மதியம் டவுன்ஸ்ட்ரீம் (வீட்டுக்கு உள்ளே வரும்) பவர் மைனஸ் 8 டிபிஎம்வி (சிக்னல் பலத்தின் அலகு), எஸ்என்ஆர் (இரைச்சலைவிடச் சிக்னல் எவ்வளவு மேலே இருக்கிறது என்ற அளவு) 36 டெசிபல். அப்ஸ்ட்ரீம் பவர் 50.5. காலையில் டவுன்ஸ்ட்ரீம் மைனஸ் 9, எஸ்என்ஆர் 35. கிட்டத்தட்ட மாற்றமே இல்லை. அப்ஸ்ட்ரீம் மட்டும் 54-ல் போய் நின்றுவிட்டது. பதிவில் டி3 டைம்அவுட் என்று வரிசையாக வரிகள். நடுநடுவே 1970 ஜனவரி 1 என்று தேதி போட்ட வரிகளும் இருந்தன. அதைப் பார்த்துப் பெரியவர் பயந்துவிட்டார். அதில் ஒன்றுமில்லை. மோடம் மறுபடி உயிர்பெற்று, நேரத்தை இன்னும் வாங்கிக்கொள்ளாத இடைவெளியில் எழுதும் வரிகள் அப்படித்தான் வரும். உண்மையில் அந்த வரிகளைப் பார்த்தால், யாரும் கை வைக்காமலே மோடம் எத்தனை தடவை புதிதாகத் தொடங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இந்த எண்களுக்கு என்ன அர்த்தம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஒரே கேபிளில் இரண்டு போக்குவரத்து நடக்கிறது. வீட்டுக்கு வருவது உயர்ந்த அலைவரிசைகளில் வருகிறது. வீட்டிலிருந்து போவது 5 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும் ஒரு குறுகிய கீழ்ப்பட்டையில் போகிறது. மோடம் எவ்வளவு பலத்தோடு அனுப்ப வேண்டும் என்பதை ஆபரேட்டரிடம் இருக்கும் சிஎம்டிஎஸ் கருவி தீர்மானிக்கும். தூரத்தில் நிற்பவர் ‘கேட்கவில்லை, சத்தமாகச் சொல்’ என்று சொல்லச் சொல்ல நாம் குரலை உயர்த்துவதுபோல, வழியில் இழப்பு கூடக்கூட மோடம் பவரை ஏற்றிக்கொண்டே போகும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. டாக்சிஸ் 3.0 மோடம் இந்த வீட்டில் இருந்ததுபோல இரண்டு அப்ஸ்ட்ரீம் தடங்களைச் சேர்த்துப் பயன்படுத்தினால், தடத்துக்குப் பெரும்பாலும் 54 டிபிஎம்வி வரைதான் தரும். 54-ல் நிற்கிறது என்றால் கத்துகிற அளவுக்குக் கத்திவிட்டது என்று பொருள். அதன் பிறகும் மறுமுனைக்குக் கேட்காவிட்டால் டி3 டைம்அவுட். தொடர்ந்து 16 தடவை பதில் வராவிட்டால் மோடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலிலிருந்து இணையத் தொடங்கும். ‘எல்லாமே போயிடும்’ என்று மருமகள் சொன்ன கட்டம் அது.

டிவி ஏன் தெளிவாக வந்தது என்பதும் இதிலேயே இருக்கிறது. அந்தச் செட்டாப் பாக்ஸ்கள் சிக்னலை வாங்குவதோடு சரி. திருப்பி எதையும் அனுப்புவதில்லை. டிவி நன்றாக இருக்கிறது என்பது பாதி லைனுக்குத்தான் சாட்சி.

ஒரு ஜாயிண்ட்டில் நடுக்கம்பி துருப்பிடித்துத் தொட்டும் தொடாமலும் இருந்தால், உயர் அலைவரிசைகள் அந்தச் சின்ன இடைவெளியைத் தாண்டிப் போய்விடும். கீழ் அலைவரிசைகள்தான் அடிபடும். டவுன்ஸ்ட்ரீம் அசையாமல் அப்ஸ்ட்ரீம் மட்டும் ஆடுவதைப் பார்த்ததும் இந்தச் சந்தேகம்தான் முதலில் வந்தது. ஈரத்தோடு சேர்ந்து ஆடியதால் ஜாயிண்ட் வெளியே எங்கேயோ இருக்க வேண்டும்.

ஸ்பிளிட்டரைத் தவிர்த்துப் பார்த்தது

வெளியே தேடுவதற்கு முன் வீட்டுக்குள் இருப்பதைக் கழித்துவிட நினைத்தோம். எல்லாப் பெட்டிகளின் பிளக்கையும் முதலில் பிடுங்கினோம். எர்த் இல்லாத செட்டாப் பாக்ஸ்கள் இணைந்திருக்கும்போது கேபிளின் உலோகப் பகுதியைத் தொட்டால் ‘சுருக்’கென்று அடிக்கும், ஈரக் கையோடு தொடவே கூடாது. பிறகு ஸ்பிளிட்டரைக் கழற்றி, உள்ளே வரும் கேபிளை நேரடியாக மோடத்தில் கொடுத்தோம்.

மதிய அளவு 50.5-லிருந்து 43.5-க்கு இறங்கியது. சரியாக 7 டெசிபல். இந்த வகை மூன்று வழி ஸ்பிளிட்டரில் ஒரு வாய் 3.5 டெசிபல் இழப்போடும் மற்ற இரண்டும் 7 டெசிபல் இழப்போடும் இருக்கும், மேலேயே அச்சடித்திருப்பார்கள். மோடத்தை 7 வாயில் மாட்டி, ஹால் டிவியை 3.5 வாயில் மாட்டியிருந்தார்கள். டிவிதான் பிரதானமாக இருந்த காலத்தின் ஏற்பாடு அது.

அன்றிரவு மழை. மறுநாள் காலை வகுப்பு தடங்கலில்லாமல் நடந்தது. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி, விஷயம் முடிந்தது என்றார்கள். மோடம் பக்கத்தைத் திறந்தால் அப்ஸ்ட்ரீம் 51 காட்டியது. அதாவது மழை இன்னமும் அதே ஏழெட்டு டெசிபலைத் தின்றுகொண்டிருந்தது. முன்பு 50.5-லிருந்து ஏற இடமில்லாமல் 54-ல் முட்டியது. இப்போது கீழிருந்து தொடங்கியதால் முட்டவில்லை. நோய் அப்படியேதான் இருக்கிறது, காய்ச்சல் மட்டும் இறங்கியிருக்கிறது. இங்கேயே நிறுத்திவிடலாமா என்று ஒரு பேச்சு வந்தது. துரு தானாகக் குறையாது, மழைக்காலம் இன்னும் இருக்கிறது என்பதால் வேண்டாம் என்று முடிவெடுத்தோம்.

இடையில் கடைக்காரர் ஒருவர் பூஸ்டர் போடச் சொன்னார். அதையும் மறுத்தோம். டிவிக்கென்று விற்கும் சாதாரண பூஸ்டர்கள் உள்ளே வருவதை மட்டும் பெருக்கும். பல வகைகளில் திரும்பிப் போகும் பாதையே கிடையாது. போட்டிருந்தால் மோடம் மொத்தமாக நின்றிருக்கும்.

இரண்டாவது புகார்

இந்தத் தடவை புகாரை வேறு மாதிரி எழுதிக் கொடுத்தோம்: அப்ஸ்ட்ரீம் பவர் ஈரமான காலைகளில் 54 தொடுகிறது, வெயிலில் இறங்குகிறது, டி3 டைம்அவுட் பதிவு இருக்கிறது, டிவியில் பிரச்சினை இல்லை, ஸ்பிளிட்டர் இல்லாமலும் ஈரத்தில் அதே ஏழெட்டு டெசிபல் ஏறுகிறது. கூடவே போட்டோக்கள். காலை ஒன்பது மணிக்குள் ஆள் வர வேண்டும் என்றும் கேட்டோம். புகார் எண்ணைக் குறித்து வைத்தோம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012 விதிமுறைப்படி, சேவை நிறுவனம் ஒவ்வொரு புகாருக்கும் எண் தர வேண்டும். தீர்வு திருப்தி இல்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அதுவரை போக வேண்டி வரவில்லை. எண்களோடு வந்த புகார் என்பதாலோ என்னவோ, லைன்மேனுக்குப் பதில் பகுதியின் டெக்னீஷியனே காலையில் வந்தார்.

மொட்டைமாடியில்

டெக்னீஷியன் கொண்டுவந்த சிக்னல் மீட்டர் டவுன்ஸ்ட்ரீமை மட்டுமே அளக்கும் வகை. எங்கே வைத்தாலும் நல்ல அளவாகவே காட்டியது. “மீட்டர் ஓகே காட்டுது சார்” என்று பெரியவரைப் பார்த்தார். பெரியவர், “அது போன தடவையும் ஓகேதான் காட்டுச்சு தம்பி. மோடத்தையே மேல எடுத்துட்டுப் போய்ப் பாத்துடலாமே” என்றார்.

அதுவே சரியான வழி. அப்ஸ்ட்ரீமை அளக்க அங்கே இருந்த ஒரே கருவி அந்த மோடம்தான். மழை விட்டிருந்தது. படிக்கட்டு அறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து, கம்பத்திலிருந்து வரும் கேபிளை ஜாயிண்ட்டில் கழற்றி நேரடியாக மோடத்தில் கொடுத்தார்கள். அப்ஸ்ட்ரீம் 40, அசையவில்லை. கீழே வீட்டில் அதே காலையில் 50 காட்டியிருந்தது. நடுவில் இருப்பது அந்த ஜாயிண்ட்டும், அதிலிருந்து கீழே இறங்கும் பழைய கேபிளும் மட்டுமே. நல்ல ஆர்ஜி-6 (சற்றுத் தடித்த வகை) கேபிளில் இந்த நீளத்துக்குக் கீழ் அலைவரிசைகளில் இரண்டு டெசிபல்கூடப் போகக் கூடாது.

ஜாயிண்ட் கைப்பிடிச் சுவரின் அடியில், தண்ணீர் தேங்கும் மூலையில் கிடந்தது. கம்பத்திலிருந்து வந்தது ஆர்ஜி-6, கீழே போனது மெல்லிய ஆர்ஜி-59; இரண்டையும் திருகு கனெக்டர்களால் இணைத்து, மேலே கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றியிருந்தார்கள். டேப் தண்ணீரை உள்ளே விடாமல் தடுக்கவில்லை, உள்ளே போனதை வெளியே விடாமல் தடுத்தது. பிரித்தபோது நடுக்கம்பியைச் சுற்றி இருக்கும் வலைப்பின்னல் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. நடுக்கம்பி செம்பு பூசிய எஃகு. செம்பு போய் எஃகு துருப்பிடித்து ஊசிமுனைபோல இளைத்திருந்தது. கடல்காற்று அடிக்கும் பகுதிகளில் இது அபூர்வமல்ல.

மழையில்லாத காலைகளின் புதிரும் அங்கேயே அவிழ்ந்தது. நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிந்தது. வழிந்த தண்ணீர் சரிவில் ஓடி நேராக அந்த மூலைக்கு வந்தது. காலை ஏழரைக்கு மோட்டார் போடுவது வாட்ச்மேனின் வழக்கம்.

செய்த பழுது

ஜாயிண்ட்டை மட்டும் மாற்றினால் போதும் என்று டெக்னீஷியன் நினைத்தார். வெட்டிப் பார்த்ததில் ஆர்ஜி-59-க்குள்ளும் ஈரம் ஏறிக் கறுத்திருந்ததால் கீழே போகும் முழு கேபிளையும் மாற்றுவதென்று முடிவானது. கட்டடத்துக்குள் ஓடும் கேபிள் வாடிக்கையாளர் பொறுப்பு என்று ஆபரேட்டர் தரப்பில் சொன்னார்கள். கேபிள் செலவு வீட்டுக்காரர், வேலையும் கனெக்டர்களும் ஆபரேட்டர் என்று பேசி முடித்தார்கள். வாதாடி இன்னும் ஒரு வாரம் இழுப்பதைவிட இது மேல்.

புது ஆர்ஜி-6, அழுத்திப் பொருத்தும் கம்ப்ரஷன் கனெக்டர்கள். ஜாயிண்ட்டைத் தரையிலிருந்து எடுத்து, சன்ஷேடுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்தார்கள். பெட்டிக்குள் நுழையும் முன் கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளைவு வளைத்து விட்டார்கள்; வழிந்து வரும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். வீட்டுக்குள் நுழையும் இடத்தில் இரண்டு வழி ஸ்பிளிட்டர்: ஒரு வாய் நேராக மோடத்துக்கு, இன்னொன்று பழைய மூன்று வழி ஸ்பிளிட்டர் வழியாக டிவிகளுக்கு. அதில் காலியான வாய்க்கு 75 ஓம் மூடி போட்டார்கள்.

பின்னர் நடந்தது

அப்ஸ்ட்ரீம் 44, டவுன்ஸ்ட்ரீம் மைனஸ் 3. மழை பெய்தாலும் வெயிலடித்தாலும் அரை டெசிபலுக்கு மேல் நகரவில்லை. புது டி3 வரிகளும் வரவில்லை. 100 எம்பிபிஎஸ் யோசனை கைவிடப்பட்டது.

நவம்பர் 25 இரவு நிவர் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. சென்னையிலும் கடும் மழை. அந்த இரவு இந்த வீட்டில் கரண்ட் போனது, நெட்டும் போனது. மறுபடி ஜாயிண்ட்தானோ என்று பெரியவர் போன் செய்தார். மோடம் இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருந்ததால் பக்கத்தைத் திறந்து பார்க்க முடிந்தது: டவுன்ஸ்ட்ரீம் ஒரு தடத்தில்கூடப் பிடிப்பு இல்லை. இன்வெர்ட்டரில் இருந்த ஹால் டிவியிலும் சிக்னல் இல்லை. பழைய கோளாறு இப்படி இருக்காது. தெருவில் இருக்கும் ஆம்பிளிஃபையருக்கே கரண்ட் இல்லை என்பதுதான் பொருள். வீட்டு இன்வெர்ட்டர் அங்கே எட்டாது. புகார் எதுவும் செய்யவில்லை. கரண்ட் வந்ததும் நெட்டும் வந்தது. அப்ஸ்ட்ரீம் அதே 44.

இனி மாற்றிச் செய்ய வேண்டியவை

இணைப்பு புதிதாக இருக்கும்போதே, நல்ல வெயில் நாளில் மோடம் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து வைத்துவிட வேண்டும். இந்த வீட்டில் அப்படி ஒன்று இருந்திருந்தால் கோடையில் அளவு என்ன, எப்போது ஏறத் தொடங்கியது என்று தெரிந்திருக்கும். 50.5 என்பதே அதிகம். ஆனால் ஒப்பிட எதுவும் இல்லாததால் அது பழைய ஸ்பிளிட்டரின் பங்கா, துருவின் பங்கா என்று கழற்றிப் பார்த்த பிறகுதான் பிரித்தறிய முடிந்தது.

விட்டுவிட்டு வரும் கோளாறுக்கு ஆளைக் கூப்பிடும் நேரம் முக்கியம். மதியம் வந்தவருக்கு மதிய லைன்தான் தெரியும். அவர் பொய் சொல்லவில்லை. எழுதி வைத்த நேரங்களைக் காட்டி, கோளாறு இருக்கும் நேரத்துக்கே வரச் சொல்ல வேண்டும். அது முடியாவிட்டால் அந்த நேரத்துப் போட்டோவையாவது அனுப்ப வேண்டும்.

ரௌட்டர், திட்டம் என்று காசு செலவழிக்கும் முன் ‘யாருக்கு யார் குரல் கேட்கவில்லை’ என்பதைக் கேட்டுத் தெளிய வேண்டும். ஆபரேட்டர் பக்கத்திலும் ஒரு மாற்றம் தேவை: சிஎம்டிஎஸ்ஸிலிருந்து பார்த்தால் ஒவ்வொரு மோடத்தின் அப்ஸ்ட்ரீம் அளவும் தெரியும். முதல் புகார் வந்த அன்றே கால் சென்டரில் யாராவது அதைப் பார்த்திருந்தால் மொட்டைமாடிக்கு ஆள் ஒரு தடவை வந்தால் போதுமாக இருந்திருக்கும்.

அதே மூலையில் கீழ்வீட்டுக்காரர்களின் ஜாயிண்ட்டுகள் இன்னும் கறுப்பு டேப்போடுதான் கிடக்கின்றன. அவர்கள் வீடுகளில் டிவி மட்டும்தான், அதனால் புகார் இல்லை. ஆனால் பிய்ந்த வலைப்பின்னல் வழியாக நுழையும் இரைச்சல் அந்தத் தெருவின் பொதுவான அப்ஸ்ட்ரீம் பாதையில் கலக்கும். கெட்ட ஜாயிண்ட் ஒரு வீட்டில் இருந்தாலும் எல்லா வீட்டு மோடமும் அடிபடலாம். அவற்றையும் மாற்றச் சொல்லி, அதுவரை டிவி மட்டும் உள்ள லைன்களில் கீழ் அலைவரிசைகளைத் தடுக்கும் ஃபில்ட்டர் போடச் சொல்லி டெக்னீஷியனிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். இதை எழுதும் வரை போடவில்லை. தொட்டிக்கு மட்டும் குடியிருப்புச் சங்கம் ஒரு ஆட்டோமேட்டிக் கட்-ஆஃப் வைத்துவிட்டது.